தோலா ஓடா

வைதேகி மண் குவளையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். கொல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் டீ ஊற்றித் தருகிற குவளைதான். குடித்துவிட்டுக் கூடையில் வீசி உடைப்பார்களே, அதேதான். அதில் நாலைந்தைக் கழுவிக் காயவைத்து, சமையலறை ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, முறுக்கு தின்பதுபோல் நறநறவென்று தின்றுகொண்டிருந்தாள். ஆறாவது மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து வந்த வயிறு. கதவு திறந்திருக்கிறதே என்று தன் பாட்டுக்கு உள்ளே வந்துவிட்ட ஹம்சினிக்கு அந்தச் சத்தத்தில் பல் கூசியது.

ஹம்சினி அதே வீட்டின் கீழ்த்தளத்து ஒற்றை அறையில் குடியிருப்பவள். திண்டிவனத்துப் பெண். ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேர்க்கடலைச் செடியை வைத்து பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறாள். வைதேகிக்கு அவள் தங்கை மாதிரி. ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் கீழே போகும்.

"என்னக்கா பண்றீங்க?"

வைதேகி திரும்பினாள். உதட்டோரம் செம்மண் பொடி ஒட்டியிருந்தது. வெட்கப்பட்டுச் சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி. மண் வாசனை வந்தா வாய் ஊறுது. ஒரு மாசமா இப்படித்தான். அவர் பார்த்தார்னா கத்துவார்."

சிரித்த முகத்தில் ரத்தமே இல்லை. ஹம்சினி கிட்டே போய், அவள் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். பழைய சுண்ணாம்புச் சுவர் நிறத்தில் வெளிறிக் கிடந்தது.

"ரத்தம் பார்த்தாங்களா?"

"போன வாரம் பார்த்தாங்க. ஃப்ரிட்ஜ் மேல இருக்கு பாரு."

ஜனவரியில் ஒன்பது புள்ளி நாலு. இப்போது ஏழு புள்ளி ஒன்பது. ஹம்சினி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களான்னு கேட்டா. ஆமாம்னுட்டேன்." வைதேகி அலமாரியிலிருந்த பெரிய கண்ணாடி ஜாடியைப் பெருமையாகத் தட்டிக் காட்டினாள். ஜாடி நிறைய வேர்க்கடலையின் சிவப்புத் தோல். "அவகிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்லிக்கிட்டு? உங்க சார் சொன்னது அவளுக்கா புரியப்போகுது. நீதான் சொன்னியே, மாத்திரையே வேண்டாம், தோல்லயே எல்லாம் இருக்குன்னு."

சொன்னாள். சொல்லாமல் என்ன. இதே வீட்டு மாடிப்படியில் நின்று, தான் கண்டுபிடித்த விஷயம் என்ற திமிரில், அந்த வாயாலேயே சொன்னாள்.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். சொல்கிற எனக்கும் வருகிறது.

நிலத்திலிருந்து வேர்க்கடலைச் செடி உறிஞ்சுகிற உப்புகளில் எது எங்கே போய்த் தங்குகிறது என்பதுதான் ஹம்சினியின் ஆராய்ச்சி. அந்தச் செடி ஒரு விநோதமான குடும்பஸ்தன். சுண்ணாம்புச் சத்தை இலையில் கொண்டுபோய்க் குவித்துவைக்கும். கீழே மண்ணுக்குள் காய்க்கிற காய்க்கு அதிலிருந்து ஒரு துளி இறக்கித் தராது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பை, பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற விழுதாலும் தன் மேல் ஓட்டாலும் மண்ணிலிருந்து நேராகத்தான் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதனால்தான் பூக்கிற சமயத்தில் செடியைச் சுற்றி ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்கள். சாம்பல் சத்து தண்டில். மணிச்சத்தும் துத்தநாகமும் பருப்பில். இரும்பு பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். இப்படி வேர், தண்டு, இலை, விழுது, ஓடு, தோல், பருப்பு என்று செடியைக் கூறுகூறாகப் பிரித்து, காயவைத்து, அரைத்து, உலையில் எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலில் எது எவ்வளவு என்று அளந்து ஒரு அட்டவணை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பொறுமை உள்ள யாரும் செய்யலாம்.

பாங்குரா மாவட்டத்துச் செம்மண் வயலிலிருந்து செடிகள் வந்து இறங்கிய மூன்று வாரமும் ஹம்சினி ஊரில் இல்லை. அக்காவுக்குக் கல்யாணம். பிரித்தது, அரைத்தது, எரித்தது எல்லாவற்றையும் செய்தவர் நிமாய்தா. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் உதவியாளர். தவறே செய்யாத மனுஷன். ஒவ்வொரு டப்பாவிலும் ஒவ்வொரு சாம்பல் கிண்ணத்திலும் தனக்குத் தெரிந்த வங்காளத்தில் சீட்டு எழுதி ஒட்டிவைத்திருந்தார். வேருக்கு, தண்டுக்கு, இலைக்கு எல்லாம் ஹம்சினிக்குச் சொல் தெரியும். இரண்டு சீட்டில்தான் தடுக்கியது. ஒன்று 'கோஷா'. இன்னொன்று 'சால்'.

யாரையாவது கேட்டிருக்கலாம். நிமாய்தா எட்டடி தூரத்தில் நின்று பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டு வருஷம் கொல்கத்தாவில் இருந்தவளுக்கு வங்காளம் தெரியாதா? கோஷா என்றால் நம் ஊரில் முகத்திரை. கோஷாப் பெண்கள் என்று சொல்வதில்லையா? பருப்பின் முகத்தில் மெல்லிசாகப் போட்ட திரை எது, அந்தச் சிவப்புத் தோல்தான். சால் என்றால் மரப்பட்டை என்று அவளுக்கு முன்பே தெரியும். பட்டை மாதிரி மொரமொரவென்று இருப்பது ஓடு. முடிந்தது. இரண்டு நிமிஷத்தில் மொழிபெயர்த்து, 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். டப்பாவைத் திறந்து ஒரு தடவை மூக்கை நுழைத்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. சாம்பல் கிண்ணங்களை மட்டும் எடுத்துப்போனாள். சாம்பலுக்கு ஏது தோல், ஏது ஓடு.

அட்டவணையில் தோலுக்கு நேராக இரும்பு எகிறிக்கொண்டு வந்தது. தோலில் இருக்கிற துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது என்று எழுதிய கட்டுரைகளை அவள் படித்திருந்தாள். எண் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அது என்ன செய்துவிடும் என்று தள்ளிவைத்தாள்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் கோபாலன் அந்த எண்ணைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். பொங்கல் விழாவுக்குப் பவானிபூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தமிழர்கள் கூடினார்கள். அங்கே மைக்கைப் பிடித்து, "நாம ஊதித் தள்ளுற தோல்லதான் இரும்புச் சுரங்கமே இருக்கு" என்று முக்கால் மணி நேரம் பேசினார். பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மறுநாளிலிருந்து தென் கொல்கத்தாவில் ஒரு தமிழ் வீட்டிலும் கடலைத் தோல் குப்பைக்குப் போகவில்லை. ஏரிக்கரைக் கடலைக்காரனிடம் போய்ச் சல்லடையில் மிஞ்சிய தோலைக் கேட்டு வாங்கிவந்த புண்ணியவதிகளும் உண்டு. எவன் எச்சில் பட்டதோ, எவன் ஊதியதோ. அதைத் தோசை மாவில் கலந்தார்கள், லட்டு பிடித்தார்கள்.

அந்த வாரம்தான் வைதேகி மாடிப்படியில் கேட்டாள். "ஹம்சினி, இரும்பு மாத்திரை போட்டாலே குமட்டுதுடி. இதைச் சாப்பிட்டா அதை நிறுத்திடலாமா?" ஹம்சினி போனில் அட்டவணையைத் திறந்து, இரும்பு எண்ணை விரலால் பெரிதாக்கிக் காட்டி, வரி வரியாகப் படித்தும் காட்டினாள். "தினமும் ஒரு கைப்பிடி போதும்க்கா" என்றாள்.

இப்போது அந்தக் கைப்பிடிதான் ஜாடி நிறைய இருந்தது.

இரும்பு குறைந்த உடம்புதான் மண்ணுக்கு ஏங்கும். இது ஹம்சினி முதல் வருஷத்திலேயே படித்த பாடம். தோலில் அத்தனை இரும்பு இருந்தால் இவள் ஏன் குவளையைத் தின்கிறாள்? ஹம்சினி படியிறங்கினாள். ஆட்டோவில் இடம் கிடைக்காமல் ஜாதவ்பூர் வரை நடந்தே போனாள்.

"நிமாய்தா, கோஷா டப்பாவைக் கொடுங்க."

எரித்தது போக மிச்சத்தை நிமாய்தா பத்திரமாக வைத்திருந்தார். மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். உள்ளே இருந்தது தோல் இல்லை. ஓடு. கோணலும் மாணலுமாக உடைந்த, வெளிறிய கடலை ஓடு. அதன் வலைப்பின்னல் கோடுகளில் எல்லாம் பாங்குராச் செம்மண் அப்பிக் கிடந்தது.

ஹம்சினி ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். மழை பெய்த தெருச் சாக்கடை மாதிரி தண்ணீர் சிவந்தது.

"இதைக் கழுவலையா?"

நிமாய்தா அவளை விசித்திரமாகப் பார்த்தார். "கோஷா கே காய், திதி?" என்றார். ஓட்டை யார் தின்னப்போகிறார்கள் என்று கேட்டார். இலையைக் கழுவினேன், தண்டைக் கழுவினேன், தின்னாத ஓட்டை எதற்குக் கழுவ வேண்டும். பிறகு சிவப்புத் தோல் இருந்த சின்ன டப்பாவை எடுத்து, 'சால்' என்று எழுதியிருந்த சீட்டைத் தட்டிக் காட்டினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆக, அட்டவணையில் பளபளத்த இரும்பு செடியிலிருந்து வரவே இல்லை. ஓட்டில் ஒட்டிய அழுக்கு மண்ணிலிருந்து வந்தது. அந்த அழுக்கைத்தான் அளந்து, அச்சடித்து, மைக்கில் முழங்கியிருந்தார்கள். ஹம்சினி அட்டவணைத் தாளை எடுத்துக்கொண்டு கோபாலனைப் பார்க்கப் போனாள்.

கோபாலன் தன் அறையில் காகிதப் பொட்டலத்திலிருந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே, இரண்டு பருப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, பூவென்று ஊதினார். சிவப்புத் தோல் மேஜை மேல் பறந்து, அவளுடைய அட்டவணைத் தாளின் மேலேயே விழுந்தது.

"சார், நீங்க தோலைச் சாப்பிடறதில்லையா?"

"எனக்குத் தொண்டையில ஒட்டும்மா." இன்னொரு பருப்பை எடுத்தார். "சரி, தோல்னா என்ன, ஓடுன்னா என்ன? ரெண்டும் மேல மூடறதுதானே. ஏப்ரல்ல டெல்லி செமினார் இருக்கு. அது முடியட்டும். அடுத்த பேப்பர்ல ஒரு வரி சேர்த்துப் பூசி மெழுகிடலாம்."

"ஒருத்தங்க மாத்திரையை நிறுத்திட்டாங்க சார். மாசமா இருக்காங்க. ரத்தம் ஏழு புள்ளி ஒன்பது."

"நானா நிறுத்தச் சொன்னேன்?" கோபாலன் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினார். "தோல்ல இரும்பு இருக்குன்னுதான் நான் சொன்னேன். மாத்திரையை நிறுத்துன்னு மேடையில எங்கயாவது சொன்னேனா, யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்லவில்லை. சொன்னது வேறு ஆள். அந்த மனிதரின் வாயும், அதில் அரைபட்ட கடலையும், மேஜையில் கிடந்த தோலும் அவளுக்குக் குமட்டலாக இருந்தன. ஆனால் அவரைக் காறித் துப்பிவிட்டு வெளியே வர அவளுக்கு வழியில்லை. துப்பினால் தன் முகத்திலும்தான் விழும். தாளிலிருந்து தோலைத் தட்டிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆட்டோ வரிசையில் நின்றபடியே தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். இருநூற்று முப்பது பேர். 'கடலைத் தோல் பற்றிய எங்கள் ஆய்வில் ஒரு சிறு பிழை நேர்ந்துள்ளது. தோலை இரும்புச் சத்துக்காக உண்ண வேண்டாம். மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் நிறுத்த வேண்டாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அனுப்பினாள். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. யாரோ ஒருவர், அப்படியானால் பாதாம் தோல் நல்லதா என்று கேட்டிருந்தார். கோபாலன் இரண்டு தடவை போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. பெரிதாக ஒரு தைரியம் செய்துவிட்டதாக ஆட்டோவில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டாள். டாக்குரியாவில் இறங்கி, மருந்துக் கடையில் வைதேகியின் அதே இரும்பு மாத்திரையை ஒரு அட்டை வாங்கினாள்.

மாடியில் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள்.

வைதேகி திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. வழியை மட்டும் விட்டு நின்றாள். சமையலறை மேடையில் அந்தக் கண்ணாடி ஜாடி காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"குரூப்ல பார்த்தேன்" என்றாள் வைதேகி.

"அக்கா..."

"சிறு பிழையா?"

அந்தச் சொல்லை ஹம்சினிதான் தேடி எழுதினாள். முதலில் 'பெரும் தவறு' என்று எழுதி, அழித்துவிட்டு, அதை எழுதினாள்.

"இருநூத்து முப்பது பேருக்கு எழுதத் தோணிச்சு. காலைல இங்கதான நின்ன? என் கண்ணை இழுத்துப் பார்த்தியே. அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"அப்ப எனக்கே நிச்சயமா தெரியாதுக்கா. போய்ப் பார்த்துட்டு வந்து..."

"பார்த்துட்டு ஊருக்குச் சொன்ன. அப்புறம் எங்கிட்ட வந்திருக்க."

ஹம்சினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். கோஷா, சால், தான் கேட்காதது, திறக்காதது, கழுவாத ஓடு, சிவந்த தண்ணீர், எல்லாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னது சார் இல்லை, நான்தான் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் குரல் தனக்கே அழுகல் நாற்றம் அடிப்பதுபோல் இருந்தது. வைதேகி சுவரில் சாய்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ரெண்டு மாசமா என் பிள்ளைக்கு ஒண்ணும் போகலை."

"இருந்த இரும்பையும் அந்தத் தோல் கெடுத்திருக்கும்க்கா." இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இனி எதையும் மறைக்க அவளுக்கு வாய் வரவில்லை. "இன்னும் நேரம் இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போய் உள்ளதைச் சொல்லணும். ஊசி போடணும்னா போடுவாங்க. இன்னைக்கு இதுல ஒண்ணு போட்டுக்குங்க."

மாத்திரை அட்டையை நீட்டினாள். வைதேகி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு அதெல்லாம் கண்ணுக்குப் பிடிபடாது. அட்டையைத் திரும்ப ஹம்சினியிடமே கொடுத்தாள்.

"படி."

ஹம்சினி படித்தாள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது சாப்பிட வேண்டும், காலாவதியாகிற மாதம் எது என்று ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். வைதேகி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் அட்டையை வாங்கி டீவி மேல் வைத்தாள்.

"அவர் வரட்டும்."

"அக்கா, உங்க பழைய மாத்திரையேதான். சரியாத்தான் படிச்சேன்."

"அன்னைக்கும் இப்படித்தாண்டி படிச்சுக் காட்டின."

ஹம்சினிக்கு எழுந்து போகவும் முடியவில்லை. வைதேகி போ என்றும் சொல்லவில்லை. காயப்போட்ட துணிகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாக மடித்தாள். ஹம்சினி ஒரு துண்டை மடிக்க எடுத்தபோது, அதைக் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

ஆறரைக்கு வைதேகியின் கணவர் ராம்கி ரயில்வே ஆபீஸிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வைதேகி அட்டையை அவர் கையில் கொடுத்தாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க." அவர் ஒன்றும் புரியாமல் ஹம்சினியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கடியில் போய் நின்று படித்தார். அதே மருந்து, அதே மில்லிகிராம், அதே மாதம். ஹம்சினி படித்ததில் ஒரு எழுத்து மாறவில்லை. வைதேகி ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள்.